வடக்கே நட்ட கம்பு

ஆதம்பாவா யாரையாவது மன்னித்தான் என்று சொல்லக் கல்முனைக் கரையில் ஒரு சாட்சியும் கிடையாது. பன்னிரண்டு வயதில் தன் தூண்டில் கயிற்றை அறுத்தவனை நாற்பது வயதிலும் பெயர் சொல்லித் திட்டுவான். அறுத்தவன் இதற்கிடையில் மக்கத்துக்குப் போய் வந்து, ஹாஜியார் ஆகி, பள்ளிவாசலில் முதல் வரிசையில் நின்று தொழுகிறவனாகிவிட்டான். ஆதம்பாவாவுக்கு அவன் இன்னமும் தூண்டில் அறுத்த கழுதைதான்.

இந்தக் குணத்தோடு கடலுக்குப் போகிறவன் கடலோடு மட்டும் இருந்திருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. ஆதம்பாவா கலியாணமும் கட்டினான். அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். சுபைறாவுக்குச் சீதன வீடு கட்டிக் கொடுத்தவன் அவளுடைய மூத்த சகோதரன் காலிதீன். வீட்டுக்குச் சோறு வந்ததும் காலிதீனின் வயலுக்குள் சுபைறாவின் பங்காகக் கிடந்த இரண்டு ஏக்கரிலிருந்துதான். ஆதம்பாவா படுத்துக் கிடந்தபடி அண்ணாந்து பார்த்தால் காலிதீன் வாங்கிப் போட்ட ஓடு. குனிந்து பார்த்தால் காலிதீன் விளைவித்த சோறு. நல்ல மனுசனுக்கே இது கொஞ்சம் குத்தும்.

காலிதீன் கெட்டவன் இல்லை. அதுதான் ஆதம்பாவாவுக்கு இன்னும் ஆத்திரம். ஆற்றோரமாகத் தாழ்ந்து கிடந்த வயல்வெளி ஒன்றுக்கு, ஊர்ப் பேச்சில் வட்டைக்கு, காலிதீன் வட்டை விதானை. எப்போது விதைப்பது, எப்போது நீர் விடுவது, எப்போது வடிப்பது என்று அங்கே முடிவு சொல்கிறவன் அவன். வாயில் எப்போதும் நல்ல வார்த்தை. பெருநாளுக்கு மச்சானுக்குச் சாரன் எடுத்துக் கொடுக்கத் தவற மாட்டான். ஆதம்பாவா அந்தச் சாரனைக் கட்டிக்கொண்டு மீன் வெட்டுவான்.

ஆதம்பாவாவுக்கென்று சொந்தமாக உலகத்தில் இருந்தது இரண்டு. ஒன்று அவனுடைய தோணி. மற்றது கொம்புப்பார்.

பார் என்றால் கடலுக்குள் கிடக்கும் கல்மேடு. கொம்புப்பார் கரையிலிருந்து அரை மைல் தள்ளி, மூன்று ஆள் ஆழத்தில் கிடந்தது. அது முருகைக்கல், வளருகிற கல். மான் கொம்பு மாதிரிக் கிளைவிட்டுக் கிளைவிட்டு மேலே ஏறும். அந்தக் கொம்புகளுக்குள் ஓரா மேயும், கலவாய் பதுங்கும், இடுக்குகளில் இறால் மீசையை வெளியே விட்டுக்கொண்டு கிடக்கும். சுண்ணாம்புச் சூளைக்காரன் மசூருக்கு அது கடலுக்குள் சும்மா கிடக்கும் சுண்ணாம்பு. ஆதம்பாவாவுக்கு அது உயிருள்ள சாமான். சுழியோடிப் போய்க் கொம்பைத் தொட்டால் விரலில் சளி போல ஏதோ ஒட்டும். கல்லுக்குச் சளி பிடிக்குமா என்று ஒருநாள் யோசித்தான், அன்றைக்கே அது கல் இல்லை என்று கண்டுகொண்டான்.

அந்த இடத்துக்குக் குறி பிடித்துத்தான் போக வேண்டும். பள்ளிவாசல் மினாராவை ஒற்றைப் பனைக்கு நேராகப் பிடித்து ஓடி, தெற்கே கோயில் கோபுரம் மணல் மேட்டுக்கு மேலே தலை காட்டும் இடத்தில் நங்கூரத்தைப் போட வேண்டும். இது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஆதம்பாவா ஒருவன். மற்றவன் பதினைந்து வருடமாக அவனோடு தோணி வலித்த கோணாமலை. பக்கத்து மீனவர் குடியிருப்பைச் சேர்ந்த தமிழ் ஆள். அதிகம் கதைக்க மாட்டான், கதைத்தால் வீணாகக் கதைக்க மாட்டான்.

இனி ஆற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாரி மழைக்கு ஆறு பெருகும். கடல் மணலைத் தள்ளி ஆற்றின் வாயை அடைத்து வைத்திருக்கும். வெள்ளம் போக வழியில்லாமல் வயலுக்குள் ஏறும். அப்போது மணல் திட்டை வெட்டி ஆற்றைக் கடலில் விட வேண்டும். எங்கே வெட்டுவது என்று கம்பு நட்டுக் காட்டுவது கடல்காரன்தான். வயல்காரன் மண்வெட்டியோடு எத்தனை பேரைக் கூட்டி வந்தாலும் கம்பு நடும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கம்பு நட்டதும் ஒரு பக்கம் பாத்திஹா ஓதுவார்கள், மறுபக்கம் கோணாமலையின் ஆட்கள் தேங்காய் உடைப்பார்கள், பிறகு முதல் மண் விழும்.

அந்த வழக்கத்துக்குக் காரணம் இருந்தது. வாடைக் காலத்தில் கடலின் ஓட்டம் வடக்கிலிருந்து தெற்கே போகும். பாருக்கு வடக்கே வெட்டினால், ஆறு கொண்டு வரும் அத்தனை சேறும் நேரே பார் மேல் போய் இறங்கும். தெற்கே வெட்டினால் பாரைத் தொடாமல் அப்படியே போய்விடும். ஆனால் தெற்குவாய் ஒரு மைல் தூரத்தில் இருந்தது. வயல் வடிய இரண்டு நாள் பிந்தும். வடக்குவாய் காலிதீனின் வட்டைக்கு நேரே, கூப்பிடு தூரத்தில் இருந்தது.

எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில் புயல் அடித்தது. விடிந்து பார்த்தால் ஊரில் நிமிர்ந்து நின்ற தென்னைகளை விரல் விட்டு எண்ணலாம். ஒற்றைப் பனை அடியோடு போயிருந்தது. கரை நெடுக முறிந்த முருகைக்கல் எலும்புக் குவியலாகக் கிடந்தது. மசூர் இரண்டு மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து, கூரை பறிகொடுத்தவர்கள் அழுதுகொண்டிருக்கும்போதே கல்லை அள்ளிச் சூளைக்கு அனுப்பினான்.

ஐந்தாம் நாள் கடல் சற்றே தெளிந்தது. பனை இல்லாமலே பனை நின்ற இடத்தை மனதில் வைத்துக் குறி பிடித்து, ஆதம்பாவா சுழியோடினான். பாரின் வெளிப்பக்கத்தைக் கடல் உரலில் போட்டு இடித்ததுபோல் இடித்து வைத்திருந்தது. உள்பக்கம் மட்டும் நின்றது. இதைவிட அவனுக்குச் சந்தோசம் கொடுத்த விசயம் வேறு. முறிந்து விழுந்த கொம்புகளும் நிறம் மாறாமல் கிடந்தன. ஒடித்துப் போட்ட முருங்கைக் கம்பு துளிர்க்கிற மாதிரி இவையும் விழுந்த இடத்திலேயே எழும்பிவிடும் என்று அவனுக்குப் பட்டது.

"கோணாமலை, பார் மௌத்தாகல்ல. ரெண்டு மாரி போகட்டும், எழும்பிரும்" என்று தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினான். புயலுக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மூன்று நாளும் அடைமழை. ஆறு ஏறியது. காலிதீன் மாலையில் வீட்டுக்கு வந்தான், முழங்கால் வரை சேறு.

"மச்சான், பயிர் தண்ணிக்குள்ள கிடக்கு. கம்பு நட வாங்க."

அன்று பகல்தான் அச்சிமுகம்மது இறந்திருந்தான். ஆதம்பாவாவோடு சின்ன வயதில் ஒன்றாகக் கடலுக்குப் போனவன். புயலன்று தென்னை விழுந்து இடுப்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து போய்விட்டான்.

"விடிஞ்சா ஜனாசா. அடக்கிப் போட்டு லுஹர் தொழுகையோட வாறன். தெற்க நட்டுத் தாறன்" என்றான் ஆதம்பாவா.

"ஓம் மச்சான், நீங்க சொன்னாச் சரி" என்றான் காலிதீன்.

மறுநாள் மையித்தைத் தூக்கும்போது காலிதீனும் தோள் கொடுத்தான். ஆதம்பாவா கண்ணால் கண்டான். ஆனால் குழி மூடும்போது ஆளாளுக்கு மூன்று பிடி மண் போட்டார்களே, அந்த வரிசையில் காலிதீன் இல்லை. ஆதம்பாவாவின் கையில் மூன்றாம் பிடி மண் இருக்கும்போதே கடற்கரைப் பக்கமிருந்து இரைச்சல் கேட்டது. ஆறு உடைத்துக்கொண்டு போகும் இரைச்சல் அது.

ஓடிப் போய்ப் பார்த்தான். வடக்குவாய் இருபது பேர் கை விரித்து நின்ற அகலத்துக்குப் பிளந்திருந்தது. செந்தண்ணீர் குமுறிக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. மையித்துக்குத் தோள் கொடுத்த காலிதீன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"கோவிக்காதீங்க மச்சான். மௌத்தானவருக்கு அல்லாஹ் இரிக்கான். பயிருக்கு ஆர் இரிக்கா? தெற்க வெட்டினா ரெண்டு நாள் பிந்தும். அதுக்கிடையில எல்லாம் அழுகிரும்."

நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. நெல் தண்ணீருக்குள் மூச்சடக்கிக் கிடப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. ஆனால் ஆதம்பாவா நியாயம் கேட்டு அங்கே வரவில்லை. பக்கத்தில் நின்றவனின் மண்வெட்டியைப் பறித்து ஓங்கினான். கோணாமலை பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருக்காவிட்டால் அன்றைக்கு இரண்டாவது ஜனாசாவும் எழும்பியிருக்கும்.

செந்தண்ணீர் பத்து நாள் பாய்ந்தது. அது அடங்கிக் கடல் தெளிந்த பிறகு ஆதம்பாவா சுழியோடினான். புயல் மிச்சம் வைத்ததை ஆறு முடித்திருந்தது. நின்ற கொம்புகள் மேலே வெளுத்துப் போயிருந்தன, கீழே சேற்றில் புதைந்து கிடந்தன. கொம்பைத் தொட்டால் அந்தச் சளி வரவில்லை, நாற்றம்தான் வந்தது. ஒரு ஓராக்கூட இல்லை. மேலே வந்து தோணியில் ஏறி, உடம்பைக்கூடத் துடைக்காமல் சொன்னான்.

"கோணாமலை, கேட்டுக்க. காலிதீன்ட வட்டையில உப்புப் பூக்கிற நாள் வரைக்கும் இந்தத் தோணியில பாரைப் பத்திக் கதைக்கப்படாது. கதைச்சா நீ இறங்கிப் போயிரு."

கோணாமலை தலையை ஆட்டினான்.

கடல்காரர் பள்ளிவாசலில் முறையிட்டார்கள். மரைக்காயர்மார் கூடி, இனிமேல் கடல்காரன் கம்பு நடாமல் எவனாவது ஆறு வெட்டினால் ஊரை விட்டு விலக்குவோம் என்று தீர்த்தார்கள். காலிதீன் எல்லோர் முன்னாலும் எழுந்து, "பிழை என்னில தான் மச்சான், பொறுத்துக்கங்க" என்றான். ஆதம்பாவா கை கொடுத்தான். கொடுப்புக்குள் ஒரு சிரிப்பும் சிரித்தான். அந்தச் சிரிப்பை உண்மையென்று நம்பியவர்களுக்கு ஆதம்பாவாவைத் தெரியாது. அன்று இரவு சோற்றைப் பிசைந்தபடி, சுபைறாவுக்குக் கேட்கும்படியாகவே, "பொறுக்கிறன், பொறுக்கிறன்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் ஆழ்கடலுக்கு வலை கொண்டு போனான். கொம்புப்பார் பக்கம் தோணியைத் திருப்பவே இல்லை. கம்பு நடக் கூப்பிட்டால், "செத்த பாருக்குக் காவல் நிக்க எனக்கென்ன விசரா?" என்று போக மறுத்தான். அதனால் கிழவர் அப்துல் ஹமீட் கம்பு நட்டார். அவர் பழைய கடல் மனுசர். ஒவ்வொரு மாரியும் தவறாமல் ஒரு மைல் நடந்து தெற்கே நட்டார். வயல்காரரும் மரைக்காயர்மாருக்குப் பயந்து இரண்டு நாள் பொறுத்தார்கள்.

தோணியில் மூன்று தடவை கோணாமலை வாயெடுத்தான். "காக்கா, கொம்புப்பாரில…" என்று அண்ணன் முறை சொல்லித் தொடங்கியதும் ஆதம்பாவா துடுப்பைத் தூக்குவான். "சொன்ன சொல் மறந்து போச்சா? இறங்கு." நடுக்கடலில் எங்கே இறங்குவது? கோணாமலை வாயை மூடிக்கொள்வான்.

ஐந்து வருடம் போனது. ஆதம்பாவாவின் கறுவம் ஒரு நாள்கூட ஆறவில்லை. காலிதீன் வீட்டுக்கு வந்தால் முகம் கொடுத்துக் கதைப்பான், விளைச்சலை விசாரிப்பான். விசாரித்து வைத்துக்கொள்வான். எந்த வரம்பு தாழ்வு, எந்த வாய்க்கால் நேரே ஆற்றில் விழுகிறது, நெல் எந்த வாரம் கதிரை உள்ளே வைத்துக் குடலை தள்ளுகிறது என்பதெல்லாம் காலிதீனைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

எண்பத்து மூன்று மார்கழியில் ஆறு மறுபடி ஏறியது. அப்துல் ஹமீட் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் கிடந்தார். காலிதீன் ஆதம்பாவா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், கோவம் இரிக்கும். இரிந்தாலும் இந்த ஊருல கடல் தெரிஞ்ச ஆள் இனி நீங்க தான். நெல்லு குடலையில நிக்கி. நீங்க எங்க நட்டாலும் நான் வாய் திறக்க மாட்டன்."

"நாளைக்குக் காலையில ஆக்களைக் கூட்டிட்டு வாங்க. நட்ட கையோட வெட்டுவம்" என்றான் ஆதம்பாவா. குரலில் தேன் வடிந்தது.

காலிதீன் போன பிறகு சுபைறா தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க வந்தாள். எடுக்காமல் புருசனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்ச பாருங்க, அந்த வட்டைக்குள்ள என்ட ரெண்டு ஏக்கரும் கிடக்கு."

"தெரியும்."

"பிள்ளைகள் திண்ணுற சோறு."

"தெரியும் எண்டு சொன்னனே."

அவன் போட்ட திட்டம் இவ்வளவுதான். வெள்ளம் புயல் வருடம் போலப் பெரிது இல்லை, இரண்டு நாளில் வடிந்துவிடும். மூன்றாம் நாள் அமாவாசை, வாடைக்காற்றும் வலுத்து வருகிறது. கடல் பொங்கும். தெற்குவாய் வளைந்து வளைந்து போகிற வழி, கடல் உள்ளே ஏறினாலும் பாதியில் களைத்துவிடும். வடக்குவாயோ துப்பாக்கிக் குழாய் மாதிரி நேர். திறந்து விட்டால் ஆறு வடிந்த சூட்டோடு கடல் ஏறிக் காலிதீனின் வரம்புக்குள்ளேயே போய் இறங்கும். சேறு மறுபடி கொம்புப்பார் மேல் விழுமே என்றும் ஒரு நினைப்பு வந்தது. செத்ததை இன்னொரு தடவை சாகடிக்கவா முடியும் என்று அந்த நினைப்பைத் தள்ளிவிட்டான்.

காலையில் நூறு பேர் வரை மண்வெட்டியோடு கூடியிருந்தார்கள். சூளைக்காரன் மசூரும் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் இல்லாமல் கரையில் ஒரு கூட்டம் கூடாது. ஆதம்பாவா கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தான்.

"வடக்கயா மச்சான்?" காலிதீனுக்கு நம்ப முடியவில்லை.

"தெற்குவாயில மணல் ஏறிப் போச்சு. இந்த வருசம் வடக்கு தான் சரி."

பொய். காலிதீன் முகம் மலர்ந்தது. தன் வயல் சீக்கிரம் வடியட்டும் என்று மச்சான் மனம் இளகிவிட்டான் என்று நினைத்தான், பாவம்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கோணாமலை ஓடி வந்தான். தேங்காய் கையிலேயே இருந்தது.

"காக்கா, வடக்க வேணாம். பார்…" என்றவன் மசூரைக் கண்டதும் சொல்லை விழுங்கினான்.

"அந்தப் பேரை எடுக்காத எண்டு உனக்கு எத்தினை தரம் சொல்லிரிக்கன்?"

"ஒரு சொல்லுக் கதைக்கணும் காக்கா. இப்பிடி ஒதுக்கமா வாங்க."

"வெட்டிப் போட்டுக் கதைப்பம்" என்று சொல்லிக்கொண்டே ஆதம்பாவா கம்பை ஓங்கி மணலில் இறக்கினான். ஐந்து வருடக் கோபமும் அந்த ஒரு குத்தில் இறங்கியது. பாத்திஹா ஓதினார்கள். கோணாமலை தேங்காயை உடைக்கவில்லை, வேறு யாரோ வாங்கி உடைத்தார்கள். முதல் மண் விழுந்தது.

எல்லாம் அவன் நினைத்தபடியே நடந்தது. இரண்டு நாள் ஆறு சேற்றைக் கக்கிக்கொண்டு கடலுக்குப் போனது. மூன்றாம் நாள் கடல் ஆற்றுக்குள் வந்தது. நான்கு நாள் காலிதீனின் வட்டையில் உப்புத் தண்ணீர் நின்றது. குடலை தள்ளி நின்ற நெல் வெந்த கீரை மாதிரிச் சோர்ந்து படுத்தது. வெயில் ஏற, வரம்போரங்களில் வெள்ளையாகப் பூத்தது.

ஆதம்பாவா அதைப் பார்ப்பதற்கென்றே வயலுக்குப் போனான். வரம்பில் குந்தி, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்புத்தான். காலிதீன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தான். ஒரு வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது.

"உங்களில ஒரு பிழையுமில்ல மச்சான்" என்றான் காலிதீன். "கடல் உங்கட கையிலயா இரிக்கி? நீங்க மனம் நோகாதீங்க."

ஆதம்பாவா விரலைச் சாரனில் துடைத்தான். இவன் அழுது புரண்டு, "ஏன்டா இப்படிச் செய்தாய்" என்று கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இருந்தாலும் வயிறு குளிர்ந்துதான் வீட்டுக்கு வந்தான். அன்று இரண்டு தட்டுச் சோறு தின்றான்.

மறுநாள் காலையில் தோணியைத் தள்ளும்போது தோழனின் முதுகில் தட்டினான்.

"கோணாமலை, உப்புப் பூத்துட்டு. கண்ணால கண்டுட்டு வந்தன். இனி நீ பாரைப் பத்தி எவ்வளவும் கதைக்கலாம்."

கோணாமலை தோணியின் அணியத்துக்குப் போனான். பழைய சாக்கு ஒன்றை விரித்து உள்ளேயிருந்து ஒரு கொம்பை எடுத்துத் தந்தான். முழங்கை நீளம். பெருவிரல் தடிப்பு. சேறு காய்ந்திருந்தது. சேற்றைச் சுரண்டிய இடத்தில் புது வெள்ளை.

"என்ன இது?"

"பார்."

"பழசு முழங்கை நீளத்தில நிக்காதே? எல்லாம் உடைஞ்சு போச்சே."

"இது புதுசு காக்கா. புயல்ல உடைஞ்சு விழுந்ததில கொஞ்சம் கிடங்குக்குள்ள உயிரோட கிடந்திரிக்கு. ஹமீட் காக்கா நாலு மாரியும் தெற்க நட்டார். சேறு வரல்ல. எண்பதில நான் தனிய போய்ப் பார்த்தன், சின்ன விரலளவு. அங்கால வருசம் சாண். போன ஐப்பசியில பார்க்கக்க ஓரா வந்திட்டுது, கலவாய்க் குஞ்சும் கண்டன். உங்களுக்குக் காட்டணும் எண்டு இரிந்தன்."

"ஏன்டா சொல்லல்ல?" ஆதம்பாவாவின் குரல் கிழிந்தது.

"மூணு தரம் வாயெடுத்தன். இறங்கு எண்டீங்க. கம்பு நட்ட அண்டைக்கும் ஓடி வந்தன். மசூர் நிக்கக்க எப்பிடிச் சொல்ற? சொன்னா எங்கட தோணிக்குப் பின்னாலயே கல்லு உடைக்க அலவாங்கோட வந்திருவானே."

ஆதம்பாவா சுழியோடினான். கோணாமலை பொய் சொல்லவில்லை. ஒரு தோட்டமே எழும்பி நின்றது. ஒவ்வொரு கிளை மேலும் சேறு சாக்குத்துணி போலப் போர்த்திக் கிடந்தது. கையால் ஒரு கிளையைத் துடைத்தான். சேறு புகையாக எழும்பியது, கீழே செத்த வெள்ளை. அடுத்ததைத் துடைத்தான். வெள்ளை. மேலே வந்து மூச்செடுத்துவிட்டு மறுபடி போனான். இடுப்புச் சாரனை அவிழ்த்து, கோவணத்தோடு நின்று, பிள்ளைக்கு மூக்குச் சிந்தித் துடைக்கிற மாதிரிக் கிளை கிளையாகத் துடைத்தான். எங்கோ ஒரு நுனியிலாவது அந்தச் சளி விரலில் ஒட்டாதா என்று தடவினான். ஒட்டவில்லை. வெயில் உச்சிக்கு வரும்வரை துடைத்தான். விரல் முழுக்க வெட்டு. மூக்கால் இரத்தம் வந்தது. கடைசியில் கோணாமலை குதித்து அவனைத் தலைமயிரில் பிடித்துத் தோணிக்கு இழுத்தான்.

கரைக்கு வந்ததும் கோணாமலை தன் துடுப்பை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். "நான் இனி வரல்ல காக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் போனான்.

ஆதம்பாவா ஈரத்தோடு வீட்டுக்குப் போய்க் குசினி வாசலில் உட்கார்ந்தான். சுபைறா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு ஏக்கரின் கடைசி அரிசி. நடந்ததையெல்லாம் சொன்னான். நட்டது பொய்க் கம்பு என்பதையும் ஒளிக்கவில்லை. அவள் சுளகை நிறுத்தவே இல்லை.

"இப்பவே போய் உன்ட காக்காட்டச் சொல்லப் போறன்" என்றான். "நான் தான் செஞ்ச எண்டு முகத்துக்கு நேரே சொல்லணும். அவன் என்னை அடிக்கட்டும், வீட்டை விட்டுத் துரத்தட்டும், என்ன வேணுமெண்டாலும் செய்யட்டும்."

சுபைறா அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"வேணாம், சொல்லாதீங்க. சொன்னா காக்காவும் பழி வாங்க நினைப்பார்" என்றாள். "உங்களிட்ட இனி என்ன கிடக்கு, அவர் எடுக்க?"

அவன் போகவில்லை. பிறகு எந்த நாளும் போகவில்லை.

தை மாதத்தில் நல்ல மழை பெய்து காலிதீனின் வட்டையைக் கழுவியது. சிறுபோகத்துக்கு ஆற்று நீரைக் கட்டிக் கட்டி வடித்து மிச்ச உப்பையும் எடுத்தார்கள். அடுத்த பெரும்போகத்தில் அந்த வயல் முன்னைவிடப் பச்சையாக நின்றது. புது நெல்லில் முதல் மூட்டையைக் காலிதீன் தானே சுமந்து வந்து தங்கச்சி வீட்டில் இறக்கினான். கொம்புப்பார் எழும்பவில்லை. கிடங்குக்குள்ளும் இந்த முறை ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

ஆதம்பாவா அதற்குப் பிறகு ஒரு மாரியும் கம்பு நடத் தவறியதில்லை. கூப்பிட முதலே தோளில் கம்போடு கரைக்கு வந்துவிடுவான். ஒரு மைல் மணலில் நடந்து, தெற்கே, பாரைத் தாண்டி, ஹமீட் நட்ட அதே இடத்தில் நடுவான். செத்த பார் அங்கே எழும்பி வந்து, காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லாமல் மறுபடி செத்தது நூறு பேருக்கு நடுவில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் தூரத்தில் வேறொருவனின் தோணியில் நின்று பார்ப்பான்.

ஒவ்வொரு வருடமும் முதல் மண் விழுந்ததும் காலிதீன் வந்து ஆதம்பாவாவின் தோளில் கை போடுவான். கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லுவான். "கேட்டுக்கங்க, அண்டைக்கு ஒருக்காக் கடல் ஏமாத்திப் போட்டுது எண்டதுக்காக என்ட மச்சானைக் குறை சொல்லப்படாது. இவரைப் போல நெஞ்சில கள்ளமில்லாத மனுசன் இந்தக் கரையில இல்ல."

காலிதீன் எடுத்துக் கொடுத்த சாரனைக் கட்டிக்கொண்டு, அவனுடைய கைக்குக் கீழே, ஆதம்பாவா அதைக் கேட்டுக்கொண்டு நிற்பான்.